நகையை அடகு வைக்கும் முன்: பிளஸ் ஒன் மகளின் நீட் தயாரிப்பு குறித்து ஒரு தாய்க்குப் பதில்

வாசகர் கடிதம்:

ஐயா, வணக்கம். நாங்கள் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் கருவாடு காயவைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 451 மார்க். இப்போது பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம். டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். மதுரையில் ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தோம். அவர்களே ஒரு தனியார் பள்ளியில் சேர்த்து, ஹாஸ்டலில் வைத்து, பிளஸ் டூவையும் நீட்டையும் சேர்த்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் பணத்துக்கு என் நகை முழுவதையும் அடகு வைத்து, படகு முதலாளியிடமும் முன்பணம் வாங்க வேண்டும். செய்யலாமா? தமிழ் மீடியத்தில் படித்தால் நீட் தேற முடியாது என்கிறார்களே, உண்மையா? வீட்டிலிருந்தே படிக்கவைக்க வழி உண்டா? நீட் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவை பொறுத்திருக்கலாம், இது பொறுத்திருக்காது. நகையை அடகு வைக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, மகள் இப்போது படிக்கும் அரசுப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்காதீர்கள். பணம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால் அவளுக்குச் சேர்ந்துவரும் ஓர் உரிமை, தனியார் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய அன்றே போய்விடும். பிறகு எவ்வளவு கொடுத்தாலும் அது திரும்பி வராது.

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய படிப்புகளின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்து, நீட் தேர்விலும் தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமையாக வழங்கப்படுகிறது. அந்த இடங்களுக்கான போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டுமே நடப்பதால், பொதுக் கலந்தாய்வில் தேவைப்படுவதைவிடக் கணிசமாகக் குறைந்த மதிப்பெண்ணிலேயே இடம் கிடைக்கிறது. அப்படிச் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. மதுரையில் உங்களிடம் பேசியவர்கள் இதைச் சொன்னார்களா என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை, சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பெரும் பணம் கட்டி, அதனாலேயே அரசு தரும் இடத்தையும் இழந்து, பொதுப் போட்டியில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது எந்தக் கணக்கிலும் சேராது. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுக்கு அரசுப் பள்ளியாகக் கருதப்படுவதில்லை. நம் கடற்கரை ஊர்களில் உதவி பெறும் பள்ளிகள் பல உண்டு என்பதால், உங்கள் மகள் இடையில் ஓராண்டுகூட அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கவில்லை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இனி, பணத்தைவிட எனக்குக் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். மகள் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைகிறது என்பதால் நான் அதை வரவேற்கிறேன். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பைப் பிள்ளைகளும் பெற்றோரும், சில இடங்களில் பள்ளிகளும்கூட, பிளஸ் டூவுக்குப் போகும் வழியில் உள்ள ஓய்வு ஆண்டாக எண்ணிவிடுகிறார்கள். நீட் அப்படி எண்ணுவதில்லை. அதன் பாடத்திட்டத்தில் ஏறத்தாழப் பாதி பிளஸ் ஒன் பாடம். இயற்பியலில் இயக்கவியல், வெப்ப இயக்கவியல், அலைகள். வேதியியலில் அணு அமைப்பு, வேதிப் பிணைப்பு, சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படை. உயிரியலில் விலங்குலகம், தாவர உலகம், செல், மனித உடலியல், தாவர உடலியல் ஆகிய இவை அனைத்தும் இந்த ஆண்டுப் புத்தகத்திலேயே இருக்கின்றன. பிளஸ் டூவில் நுழைந்தபின் இவற்றுக்குத் திரும்பி வர நேரம் இருக்காது. அந்த ஆண்டுக்கு அதன் பாடமும் பொதுத்தேர்வுமே போதுமான வேலை. கடலோரப் பள்ளிகளில் இயற்பியல் முதுகலை ஆசிரியராக இருந்து நான் கண்டது இதுதான்: நீட்டில் சறுக்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் பிளஸ் டூ பாடத்தில் சறுக்கவில்லை, பிளஸ் ஒன் பாடத்தைத் திறக்காமலே போனதால் சறுக்கினார்கள். ஆகவே நீங்கள் நகையை அடகு வைத்து வாங்க நினைக்கும் பயிற்சியின் பெரும்பகுதி, இந்த ஆண்டு முழுவதையும் கவனமாகப் படிப்பதிலேயே கிடைத்துவிடும். அதற்குப் பணம் தேவையில்லை, ஒழுங்கு தேவை.

பொதுத்தேர்வுக்குப் படிப்பதற்கும் நுழைவுத்தேர்வுக்குப் படிப்பதற்கும் என்ன வேறுபாடு என்பதை நீங்களும் புரிந்துகொள்வது நல்லது. புரிந்தால்தான் மகள் சரியாகப் படிக்கிறாளா என்பதைக் கவனிக்க முடியும். எறிபொருளின் இயக்கம் என்று இயற்பியலில் ஒரு பாடம் உண்டு. பள்ளித் தேர்வில் ‘கிடைத்தள நெடுக்கத்துக்கான கோவையைப் பெறுக’ என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்த பிள்ளை ஒரு பக்கம் எழுதி ஐந்து மதிப்பெண்ணும் வாங்கிவிடும். நுழைவுத்தேர்வில் அந்தக் கோவையை யாரும் கேட்பதில்லை. ஒரே வேகத்தில் ஒரு பந்தைக் கிடைத்தளத்துக்கு 30 பாகையிலும் இன்னொன்றை 60 பாகையிலும் எறிந்தால், அவை எட்டும் பெரும உயரங்களின் விகிதம் என்ன என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே தூரத்தில் விழும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும் பிள்ளை, உயரமும் சமம் என்று குறித்துவிடும். உயரம் கோணத்தின் சைன் மதிப்பின் இருமடியைப் பொறுத்தது என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை, கால் பங்கையும் முக்கால் பங்கையும் ஒப்பிட்டு, அரை நிமிடத்தில் 1:3 என்று குறிக்கும். பாடம் ஒன்றுதான், கேட்கும் விதம் வேறு. எனவே ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்தப் பாடத்திலிருந்து முந்தைய ஆண்டுகளில் வந்த கொள்குறி வினாக்களை அதே வாரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய வினாத்தாள்கள் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

உயிரியலில் உங்கள் மகளுக்கு ஒரு நன்மை இருக்கிறது. அதை அவளும் நீங்களும் அறியாமல் இருக்கக்கூடும். நீட் தாளில் மொத்தம் 720 மதிப்பெண். இயற்பியலுக்கு 45 வினா, வேதியியலுக்கு 45 வினா, உயிரியலுக்கு 90 வினா. அதாவது பாதி மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. விலங்குலகப் பாடத்தில் குருத்தெலும்பு மீன்களுக்கும் எலும்பு மீன்களுக்கும் உள்ள வேறுபாடு அடிக்கடி கேட்கப்படும் பகுதி. வேறு ஊர்ப் பிள்ளைகள் அதை அட்டவணை போட்டு உருப்போடுகிறார்கள். உங்கள் வீட்டில் மீன் வாங்கினால் செவுள் மூடியைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? அந்த மூடி எலும்பு மீன்களுக்கு மட்டுமே உண்டு. சுறாவையும் திருக்கையையும் எடுத்துப் பார்த்தால் மூடி இருக்காது. செவுள் பிளவுகள் தனித்தனியாக வெளியே தெரியும். எலும்பு மீனின் வயிற்றைக் கீறும்போது வெளியே வரும் காற்றுப்பை சுறாவுக்குக் கிடையாது. அதனால்தான் அது மூழ்காமலிருக்க நீந்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு செய்தியும் பாடத்தில் வரிக்கு வரி இருக்கின்றன. வாலில் நச்சு முள் உள்ள திருக்கையைப் புத்தகம் டிரைகான் என்று சொல்கிறது. பாம்பன் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் கஞ்சிப்பாசியைக் கிராசிலேரியா என்று சொல்லி, அதிலிருந்து அகார் கிடைக்கிறது என்கிறது. கடல் அட்டையும் கடல் குதிரையும் விலங்குலகப் பாடத்தில் வருகின்றன. அன்றைக்குப் படித்த உயிரிகளில் எவை நம் கரைக்கு வருகின்றன, எவற்றுக்கு நம் ஊரில் என்ன பெயர் என்று மகளிடம் கேளுங்கள். அவள் அப்பாவிடம் கேட்டுப் பெயரைப் பாட ஓரத்தில் எழுதட்டும். கண்ணால் பார்த்த உயிரியின் பெயரைத் தேர்வு அறையில் மறப்பது கடினம்.

தமிழ் மீடியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழோடு ஆங்கில வடிவமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. இதிலிருந்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகிறது: தமிழில் புரிந்துகொள்ள வேண்டும், கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துகொள்ள வேண்டும். மாநிலப் பாடநூலில் தமிழ்ச் சொல்லும், வினாத்தாளை மொழிபெயர்ப்பவர் போடும் தமிழ்ச் சொல்லும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. அப்போது பிள்ளை திகைத்து நிற்காமல், பக்கத்திலுள்ள ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகியிருக்க வேண்டும். மாநிலப் பாடநூலிலேயே பல சொற்களுக்கு ஆங்கிலமும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பாடம் பாடமாக எழுதிவரட்டும். உயிரியலுக்கு மட்டும் என்சிஇஆர்டி எனப்படும் மத்தியப் பாடத்திட்டப் புத்தகத்தையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். நீட் வினாக்கள் பெரும்பாலும் அந்தப் புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. அது ஆங்கிலத்தில் இருக்கிறது என்று அஞ்ச வேண்டாம். முதலில் தமிழ்ப் புத்தகத்தில் பாடத்தைப் படித்து முடித்துவிட்டு, பிறகு அதே பாடத்தை ஆங்கிலத்தில் நாளுக்கு இரண்டு பக்கம் வீதம் படித்தால், தெரிந்த செய்தியையே வேறு மொழியில் பார்ப்பதால் புரிந்துவிடும். அந்தப் புத்தகங்கள் என்சிஇஆர்டி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் செல்போனில் படிப்பதைவிட உயிரியல் புத்தகங்கள் இரண்டையும் விலைக்கு வாங்கிக் கொடுப்பதே நல்லது. நீங்கள் இப்போது செய்ய வேண்டிய செலவு என்று நான் சொல்வது இதை மட்டுமே.

வீட்டில் படிக்கும் முறையை நேர அட்டவணையாக நான் எழுதித்தரப் போவதில்லை. படகு போகும் நாளும் திரும்பும் நேரமும் உங்கள் வீட்டின் தூக்கத்தையே மாற்றிவிடும் என்பதை நான் அறிவேன். இரவில் வலையும் ஐஸும் ஏற்றப் போகும் வீட்டில், பத்து மணிக்குப் படி, நான்கு மணிக்கு எழு என்று பட்டணத்து அட்டவணையைத் திணிக்க முடியாது. ஆனால் நாளில் எந்த நேரமானாலும் சரி, யாரும் கூப்பிடாத இரண்டரை மணி நேரம் அவளுக்கு வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் பிடிக்கவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ, மீன் ஆயவோ கூப்பிடாமல் இருப்பதாக வீட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். மகனாக இருந்தால் இதைச் சொல்ல வேண்டியிருக்காது. மகள் என்பதால் சொல்கிறேன். பல வீடுகளில் கெட்டிக்காரப் பெண் பிள்ளையின் படிப்பைத் தின்பது பாடத்தின் கடினம் அன்று, இடைவிடாத சின்ன வேலைகள்தான். அந்த இரண்டரை மணி நேரத்தில் பாதியை அன்று பள்ளியில் நடத்திய பாடத்துக்கும், மீதியை வினாக்கள் போடுவதற்கும் கொடுக்கட்டும். இயற்பியலை ஒத்திப்போடாமல் ஒவ்வொரு நாளும் சிறிதளவாவது தொட வேண்டும். கடைசியில் சேர்த்துப் படிக்கலாம் என்று விட்டால் கைக்கு வராத பாடம் அது.

இவற்றோடு ஒரு தவறு நோட்டு போடச் சொல்லுங்கள். தேர்ச்சிக்கு உதவியதாக நான் நேரில் கண்டவற்றில் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். போட்ட வினாக்களில் தவறியவற்றை மட்டும் அதில் எழுத வேண்டும்: வினா என்ன, நான் எதைக் குறித்தேன், சரியான விடை எது, ஏன் தவறினேன். கடைசி வரிதான் முக்கியம். பாடமே தெரியாமல் தவறினேனா, தெரிந்தும் வினாவைச் சரியாகப் படிக்காமல் தவறினேனா, கணக்கில் சறுக்கினேனா என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ‘சரியானது அல்லாதது எது’ என்று கேட்டிருப்பதைச் சரியானது எது என்று படித்து மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் ஏராளம். இதய வால்வு பற்றிய கேள்வியில், இடது பக்கத்தில் இருப்பது ஈரிதழ் வால்வு என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை, அவசரத்தில் மூவிதழைக் குறித்துவிட்டு வரும். வலையில் கிழிசல் எங்கே என்று தெரிந்தால்தானே தைக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதையும் படிக்காமல் அந்த நோட்டை மட்டும் புரட்டி, தவறிய வினாக்களை விடையை மறைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கட்டும்.

மதிப்பெண் கணக்கையும் அவள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து 180 வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும், நேரம் மூன்று மணி. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு, விட்டுவிட்டால் கழிவு இல்லை. 120 சரியாகப் போட்டு, மீதி 60 வினாக்களையும் தவறாகக் குறித்தால் கிடைப்பது 420. அந்த அறுபதையும் தொடாமல் விட்டிருந்தால் 480. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கில் ஒன்று சரியாகாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். தவறான விடைகளை வினா தயாரிப்பவர்கள் சும்மா எழுதுவதில்லை. மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழையில் என்ன விடை வருமோ அதையே எழுதி வைக்கிறார்கள். ஆகவே அரைகுறையாகத் தெரிந்தவர் குருட்டுத்தனமாகக் குறித்தால் அந்தப் பொறியிலேயே விழுவார். நான்கில் இரண்டு விடைகளைக் காரணத்தோடு தள்ளிவிட முடிந்தால் துணிந்து குறிக்கலாம். ஒன்றைக்கூடத் தள்ள முடியாவிட்டால் அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். உயிரியலை ஐம்பது நிமிடத்துக்குள் முடித்துவிட்டால், கணக்குப் போட வேண்டிய இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். பிளஸ் டூவின் இரண்டாம் பருவத்திலிருந்து, விடைக்கான வட்டங்கள் அச்சிட்ட ஓஎம்ஆர் தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டமிட்டு, மாதம் ஒரு முழுத் தேர்வாவது எழுதிப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் எழாமல் உட்காருவதும் ஒரு பயிற்சிதான்.

பயிற்சி வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பள்ளிகளிலேயே நீட்டுக்கும், பொறியியல் நுழைவுத்தேர்வான ஜேஇஇக்கும் கட்டணமில்லாப் பயிற்சி நடக்கிறது. உங்கள் மகளின் பள்ளியிலோ அருகிலுள்ள பள்ளியிலோ மையம் இருக்கிறதா, பொதுத்தேர்வுக்குப் பிறகு தொடர் வகுப்பு இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஐஐடி கான்பூர் உருவாக்கிய சாத்தி என்ற இணையதளத்திலும் பாடக் காணொளிகளும் மாதிரித் தேர்வுகளும் இலவசமாக உள்ளன. இவ்வளவும் செய்து முதல் முறை எழுதியபின், இடம் கிடைக்கும் எல்லைக்கு அருகில் வந்து நின்றால், அப்போது ஓராண்டு பயிற்சிக்குச் செலவழிப்பதில் பொருள் உண்டு. பிளஸ் டூவை அரசுப் பள்ளியில் முடித்துவிட்டவர் அடுத்த ஆண்டு மறுபடி எழுதினாலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குத் தகுதி உடையவரே. எனவே சேமிக்க முடிந்ததை இப்போது தொடாமல் வைத்திருந்தால், தேவைப்படும் ஆண்டில் அது கைகொடுக்கும். எல்லைக்கு மிகத் தொலைவில் நின்றால் அந்த ஓராண்டையும் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அப்படி இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று வீட்டுக்குள்ளேயே பிள்ளைகள் ஒடுங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். படகு முதலாளியிடம் முன்பணம் மட்டும் எந்த நிலையிலும் வாங்காதீர்கள். அந்தக் கடன் உங்கள் கணவரை வேறு படகுக்குப் போக முடியாமல் கட்டிப்போடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீட் கிடைக்காவிட்டால் என்ன என்ற கேள்வியை, கிடைக்காத அன்று கேட்பதைவிட இப்போதே கேட்டது நல்லது. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு நுழைவுத்தேர்வு இல்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். செவிலியர் படிப்பு, வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றின் மாநில இடங்களும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்பப்படுகின்றன. பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் 2021 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உண்டு. ஆகவே நீட்டுக்காகப் பொதுத்தேர்வை அலட்சியம் செய்வது, மற்ற எல்லாக் கதவுகளையும் தானே அடைப்பதாகும். உயிரியலோடு கணிதமும் படிப்பதால் அவள் ஜேஇஇ மெயின் தேர்வும் எழுதலாம். அதுவும் தமிழில் உண்டு, ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதன் வழியாகச் செல்லும் திருச்சி என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில்) பாதி இடங்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு உரியவை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றுக்கு 2022 முதல் சியுஇடி என்ற பொது நுழைவுத்தேர்வு இருக்கிறது.

இவற்றில் மீன்வளப் படிப்பைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மீனவர் வீட்டில் பிறந்த பிள்ளை மறுபடியும் மீனுக்கா என்று நம் ஊரில் முகம் சுளிக்கிறார்கள், அது சரியன்று. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் நான்காண்டு இளநிலைப் பட்டம் படிக்கலாம். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. நாட்டின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் தொடக்க காலத்தில் உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் அதன் மையம் இங்கே இயங்குகிறது. மருத்துவம் கிடைக்காதவருக்கு ஆறுதலாக இதைச் சொல்லவில்லை. கடலை அறிந்த ஒரு பெண் அங்கே விஞ்ஞானியாக உட்கார்ந்தால் அது நம் கரைக்குப் பெரும் பேறு என்று நம்பித்தான் சொல்கிறேன். விடுமுறையில் ஒரு நாள் பள்ளி வழியாக அனுமதி பெற்று அந்த மையத்தை அவளுக்குக் காட்டுங்கள்.

அவளுடைய பிடிவாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டராக வேண்டும் என்ற ஆசையைத் தடுக்க வேண்டாம். ராமநாதபுரத்திலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கும்போது அது எட்டாத ஆசையும் அன்று. ஆனால் ‘உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறோம்’ என்ற சொல் வீட்டில் எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாசத்தில் சொல்வது அவள் நெஞ்சில் கடனாக ஏறும். தேர்வு சரியாக எழுதாத பிள்ளை வீட்டுக்கு வரவே அஞ்சுவது அந்தக் கடனால்தான். மருத்துவத்தோடு இன்னும் இரண்டு படிப்புகளின் பெயரை அவளே தேர்ந்தெடுத்து எழுதி வைக்கட்டும். எப்போதாவது சாப்பிடாமல், பேசாமல், தூங்காமல் ஒடுங்கி இருந்தால் படிப்பின் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, தாள் வேலைகள். நீட் வழக்கமாக மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அந்த நேரத்தில் வீட்டில் வருமானம் இருக்காது. விண்ணப்பக் கட்டணம் 2025இல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,600 ரூபாயாகவும் பட்டியல் இனத்தவருக்கு 1,000 ரூபாயாகவும் இருந்தது. அதையும், தேர்வு மையத்துக்கு முந்தைய நாளே போய்த் தங்கும் செலவையும் அந்த ஆண்டு பொங்கலுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மகளின் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கின்றனவா என்று இந்த மாதமே பாருங்கள். மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள், விண்ணப்ப நேரத்தில் முடியாது. மாநிலச் சாதிச் சான்றிதழ் வேறு, மத்திய ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேறு. உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருந்தால் அதற்குரிய படிவத்தில் இ-சேவை மையம் வழியாக ராமேசுவரம் வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது குறிப்பிட்ட நிதியாண்டுக்கு உரியது என்பதால், எந்தத் தேதிக்குப் பிந்தைய சான்றிதழ் வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்து வாங்குங்கள். ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்றைப் பிளஸ் டூ முடியும் முன்பே ஒவ்வொரு பள்ளியிலும் கேட்டு வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தில் கொடுக்கும் செல்போன் எண் கணவரோடு கடலுக்குப் போகாத எண்ணாகவும், கலந்தாய்வு முடியும்வரை ரீசார்ஜ் நிற்காத எண்ணாகவும் இருக்க வேண்டும். கடவுச்சொல்லும் கலந்தாய்வு அழைப்பும் அதற்குத்தான் வரும்.